சிங்கம்புணரிக்கு வராத நிழல்

1

போன கார்த்திகையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியில் ஒரு கணக்கை ஓடவிட்டிருந்தேன். வெளியே தூறல். கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய இந்தத் தீவில் மழை இல்லாவிட்டால் தூறல், தூறல் இல்லாவிட்டால் மூடுபனி. கணக்கு முடிந்தது. திரையில் இருந்த உலக வரைபடத்தின் மேல் ஒரு பட்டை விழுந்தது. வங்கக் கடலில் கிளம்பி, தொண்டிப் பக்கம் கரை தொட்டு, கொஞ்சம் சாய்வாக மேற்கே போயிற்று. ஊர்ப் பெயர்கள் தெரியட்டும் என்று பெரிதாக்கினேன். மானாமதுரை, திருக்கோஷ்டியூர், கோவிலூர். பட்டையின் வடக்கு விளிம்பை ஒட்டிச் சிங்கம்புணரி.

நான் பிறந்த ஊர். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பிறகு எதற்காக எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன்.

என் வேலையை ஊரில் யாராவது கேட்டால் சுருக்கமாக, பனிக்கட்டி தேடுகிற வேலை என்று சொல்லிவிடுவேன். என் தம்பி அப்பாஸ் அதற்குப் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறான். "காரைக்குடி மீன் மார்க்கெட்ல வண்டி வண்டியா இறங்குது. அதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?"

நெப்டியூனுக்கும் அப்பால், சூரிய வெளிச்சம் போய்ச் சேரும்போதே சோர்ந்துவிடுகிற தூரத்தில், பனியும் கல்லும் கலந்த சிறு உருண்டைகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. கோள்கள் உண்டானபோது மிச்சப்பட்டுப் போனவை. அவற்றைக் கண்டுபிடிக்கிற வழி கேட்பதற்கு எளிது. வானத்தின் ஒரே துண்டைச் சில மணி நேர இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் மயிரிழை நகர்ந்திருந்தால் அதுதான் நாங்கள் தேடுகிற ஆள். ராத்திரி முழுக்க முழித்திருப்பாயா என்று உறவினர்கள் பரிதாபமாகக் கேட்பார்கள். இல்லை. எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் கருவி முழித்திருக்கும். நான் வங்கி ஊழியரைப் போலக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவள்.

அப்படி நகர்ந்த புள்ளிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தது நான். பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளம் மட்டும் உண்டு. காரைக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் உள்ள தூரம்கூட அதன் அகலம் இருக்காது. படங்களில் அது உருண்டையாகத் தெரியாமல் லேசாக நீண்டு தெரிந்தது. அது ஒன்றல்ல, ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுத் தலைவி நல்ல மனுஷி. ஆனால் ஒவ்வொரு முறையும் என் படங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கருவி அதிர்ந்திருக்கும், ஜமீலா" என்பார்.

அதைத் தீர்க்க ஒரு வழிதான் இருந்தது. அந்தப் பொருள் ஏதாவதொரு விண்மீனுக்கு முன்னால் கடந்து போகவேண்டும். அப்போது அந்த விண்மீன் சில நொடிகள் மறையும். அதாவது, பொருளின் நிழல் பூமியின் மேல் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் ஆங்காங்கே ஆட்கள் தொலைநோக்கியோடு நின்று, எங்கே எவ்வளவு நேரம் மறைந்தது என்று பதிவு செய்தால் அந்தப் பொருளின் உருவத்தையே வரைந்துவிடலாம்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, இருட்டிக் கொஞ்ச நேரத்தில், அந்த நிழல் எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகப்போகிறது என்று கணக்கு சொன்னது. இதை விட்டால் என் பணிக்காலத்தில் இன்னொன்று வருமா என்று தெரியாது.

2

பணிக்காலம் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. எனக்கு அப்படி ஒன்று முழுதாக இருந்ததே இல்லை. காரைக்குடியில் இயற்பியல் படித்து முடித்தபோது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் ஜப்பானிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்துவிட்டது. அத்தா ஒரு வாரம் யோசித்துவிட்டு, "போறதுன்னா போ. திரும்பி வந்து எனக்கும் விளங்குற மாதிரிச் சொல்லு" என்றார். அங்கிருந்து தைவான், அப்புறம் ஹவாய், அப்புறம் இந்தத் தீவு. எல்லாமே இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கையெழுத்துப் போட்ட வேலைகள். ஒரு ஊரில் எந்தக் கடையில் நல்ல கொத்தமல்லி கிடைக்கும் என்று தெரியவரும்போது அடுத்த ஊருக்கு விண்ணப்பம் போடவேண்டி வரும்.

என் கணவர் நஜீர் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். பொறியியல் படித்தவர். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாதத்தில் அந்த ஊர்ச் சந்து பொந்தெல்லாம் அவருக்குப் பாடமாகிவிடும். "போவோமா?" என்று கேட்டால் "போவோம்" என்பார். அது சம்மதமா சலிப்பா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

மகள் சஃபா கதை வேறு. அவளுக்கு ஜப்பானிய எண்கள் தெரியும், சீனத்தில் வசவுகள் தெரியும், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் வீட்டுக்குள் வளர்ந்த குழந்தை மாதிரி, வெளியாட்களைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் படிக்கப் பிடிக்காமல், ஒரு காபிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தைப் பார்த்த அதே வாரத்தில்தான் சிலி நாட்டு வேலைக்கான கடிதமும் வந்தது. இங்கே என் ஒப்பந்தம் ஆடியோடு முடிகிறது. சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன்.

சஃபா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க என்ன மொழி?"

"ஸ்பானிஷ்."

"ஓகே. நீங்க ரெண்டு பேரும் படிங்க."

"நீ?"

"எனக்கு வாயில இடம் இல்லம்மா."

நஜீர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னேன், "மாசியில ஊருக்குப் போறேன். ரெண்டு தொலைநோக்கி கொண்டு போகணும். கூட வர்றியா? தூக்க ஆள் வேணும்." அவள் தோளைக் குலுக்கினாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

3

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்கள் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். ஒரு பெரிய கருப்புக் குழாய், அதைவிடக் கொஞ்சம் சிறிய இன்னொன்று, கேமராக்கள், ஒயர்கள். எங்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்யும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதை முழுக்கப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை வச்சு எதைப் பாப்பீங்க?"

"ஒரு நட்சத்திரம் சில நொடி மறையும். அதைப் படம் எடுப்போம்."

"மறையறதையா?"

"ஆமாம்."

"மறையலைன்னா?"

"மறையாததையும் எடுப்போம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பார். நல்லவேளையாக அப்போது என் கனடியக் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் கண்ணில் பட்டது. "சிங்கம்புணரியா? எனக்குத் திருப்பத்தூரும்மா. சிங்கம்புணரில எங்குட்டு?"

"சந்தைக்குப் பின்னாடி. அத்தா கயிறு வியாபாரம்" என்றேன். வாய் தானாகவே 'சந்தைக்குப் பின்னாடி' என்றது. அந்த வீடு கைமாறி எத்தனையோ காலமாகிவிட்டது.

அவர் மேலதிகாரியிடம் போய்ப் பேசினார். நாங்கள் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தோம். வருகைச் சீட்டில் வந்த காரணத்தைக் கேட்டிருந்தார்கள். உறவினரைப் பார்க்க என்று எழுதியிருந்தேன். சுற்றுலா என்று எழுதவில்லை, வேலை என்றும் எழுதவில்லை. இருபது வருடம் வெளியே இருந்த பிறகு சொந்த மண்ணில் கால் வைக்க ஒரு காரணம் எழுதவேண்டியிருக்கிறது. எழுதியதும் அது பாதிப் பொய்யாகத் தோன்றுகிறது. நான் எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்.

"அம்மா, உங்களுக்கு நிக்கறதும் வரல, உக்கார்றதும் வரல" என்றாள் சஃபா, போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒரு வழியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வெளியே அப்பாஸ் தன் குட்டியானை வண்டியோடு நின்றான். பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகள், சுருட்டிய சீரியல் செட்டுகள், அடுக்கி வைத்த ஃபோகஸ் லைட்டுகள். சஃபாவைப் பார்த்ததும், "என்ன மருமகளே, மாமன விட ஒசந்துட்ட!" என்றான். அவள் யோசித்துவிட்டு, "நீங்க சின்னதா ஆயிட்டீங்க" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டாக்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

4

அப்பாஸ் சவூதியில் சில வருடம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, காரைக்குடியில் ஒலி ஒளி அமைப்புக் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம், சந்தனக்கூடு, எதுவானாலும் அவன் மேடைக்கு வெளிச்சம் போடுவான். அவனுடைய வெளிச்சம் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படிப்பட்ட இடைஞ்சல் என்று விளக்க முயன்றேன்.

"அப்ப நான் சம்பாதிக்கிறதெல்லாம் உங்களுக்குக் கெடுதலா?" என்றான்.

"கெடுதல்னு இல்ல. எங்களுக்கு இருட்டு வேணும்."

"இருட்டுக்கு எவன் அட்வான்ஸ் குடுப்பான், சொல்லுங்க பாப்போம்!"

அவன் மனைவி ஷாஹிதா, "வந்ததும் வராததுமா மதினிகிட்ட என்ன பேச்சு பேசுறீக?" என்று அவனை அடக்கிவிட்டு, எங்கள் தட்டில் இன்னொரு இடியாப்பம் வைத்தாள்.

நிழல் வர ஒரு வாரம் இருந்தது. பட்டையின் குறுக்கே, மானாமதுரைக்குத் தெற்கிலிருந்து சிங்கம்புணரி வரை, பல்கலைக்கழக மாணவர்கள் ஆளுக்கோர் இடம் எடுத்துக்கொண்டார்கள். விளிம்பில் யாராவது நின்றாக வேண்டும். நிழல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் உருவம் தெரியும். சிங்கம்புணரியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திட்டப்படி அது சரிதான். திட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருந்தது. அந்த ஊரில் நான் செய்து காட்டியது என்று எதுவும் இல்லை.

இடம் பார்க்கவும் அனுமதி வாங்கவும் நான் அலைந்துகொண்டிருந்தபோது, சஃபாவுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. மூன்றாம் நாள் அப்பாஸோடு வண்டியில் ஏறித் தேவகோட்டையில் ஒரு கல்யாண வேலைக்குப் போனாள். சாயந்திரம் திரும்பியபோது கையெல்லாம் கருப்பு, முகமெல்லாம் வியர்வை. மறுநாளும் போனாள். அடுத்த நாள் நான் எழுந்திருக்குமுன்பே போய்விட்டாள்.

"மேடைக்கு மேல இரும்புச் சட்டத்துல ஏறி லைட்ட மாட்டுது அக்கா!" என்று அப்பாஸ் ஆச்சரியத்தோடு சொன்னான். "எங்க பயலுகளே பயப்படுவானுக. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தான?"

"விழுந்தா?"

"பெல்ட்டு போட்டுத்தான் ஏத்துறேன். நீங்க ராக்கெட்டு விடுறீக, இதுக்குப் பயப்படுறீகளே."

"நான் ராக்கெட் விடலடா."

"ஏதோ ஒண்ணு."

5

நிழல் வரும் நாள் காலையில், திருக்கோஷ்டியூருக்குத் தெற்கே நிற்கவேண்டிய மாணவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லையாம். அந்த இடம் என் இடத்துக்கு அடுத்தது. நான் சந்தேகப்படும் இரண்டாவது துண்டு இருக்குமானால் அந்தக் கோட்டில்தான் மாட்டும். அது விடுபட்டுப்போனால் நான் கண்டம் விட்டுக் கண்டம் வந்ததற்கே அர்த்தம் இல்லை.

"நான் நிக்கறேன்" என்றாள் சஃபா. காபி குடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தக் கேமரா தெரியும். நீங்க வீட்டுல நூறு தடவ காட்டி இருக்கீங்க."

அது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் அவளோடு நிற்க ஆள் வேண்டும், மின்சாரத்துக்கு வழி வேண்டும். அப்பாஸுக்கு அன்றைக்கு அதே பக்கத்து ஊரில்தான் அம்மன் கோவில் திருவிழா வேலை. மாதக்கணக்கில் முன்பே பேசியது. ஜெனரேட்டரும் வண்டியும் அங்கேதான் இருக்கும். ஊருக்குப் பின்னாலேயே வற்றிய கண்மாய் இருந்தது. தொலைநோக்கியை வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே ஒரு சங்கடம்தான். ஊரையே பகலாக்கும் விளக்குகளை அங்கே கட்டப்போவது என் தம்பி.

மூன்று பேரும் அந்த ஊருக்குப் போனோம். விழாக் கமிட்டித் தலைவர் ஊர் அம்பலகாரர். எங்கள் வயதுதான் இருக்கும். பந்தலுக்கு வாழைமரம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாஸ் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். இருட்டின பிறகு, கலைநிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் எல்லா விளக்கையும் அணைக்கவேண்டும்.

அம்பலகாரர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா அப்பாஸு, சாமிக்கு லைட்டு போடத்தான ஒன்னயக் கூப்புட்டோம்? நீயே வந்து அணைக்கணும்ங்குற?"

"கொஞ்ச நேரம்தாண்ணே. கரண்டு போனா இருக்கோம்ல, அது மாதிரி நெனச்சுக்கிருங்க."

"கரண்டு போனா ஒன்னயத்தான் வைவாய்ங்க."

நான் குறுக்கிட்டேன். எந்த மேடையிலும் நான் அவ்வளவு பதற்றமாகப் பேசியதில்லை. நெப்டியூன், நிழல், நொடிகள் என்று ஏதேதோ சொன்னேன். ஆங்கிலச் சொற்கள் நடுநடுவே வந்து விழுந்தன. அவற்றுக்குத் தமிழ் தேடி நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது பாதிதான் வெளங்குது" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது எங்க ஊரு மேல போகுதுன்னு உறுதியாத் தெரியுமா?"

பொய் சொல்ல வரவில்லை. "கணக்கு அப்படிச் சொல்லுது. கொஞ்சம் தள்ளியும் போகலாம்."

அவர் சஃபாவைப் பார்த்தார். "நிக்கப் போறது இந்தப் புள்ளையா?"

சஃபா தலையாட்டினாள். தன் தமிழைத் திரட்டி, "அங்கிள், நாங்க பத்து நிமிஷம் மட்டும் கேக்கறோம். அப்புறம் உங்க சாமிக்கு நான் டபுள் லைட் போடறேன்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்பலகாரரும் சிரித்தார். "சரி, பத்து நிமிசம். ஆனா அப்பாஸு, மைக்குல நீயே சொல்லிப்புடு. சனம் என் சட்டையப் புடிக்கக் கூடாது."

6

சிங்கம்புணரிக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு தரிசில் நான் தொலைநோக்கியை நிறுத்தியபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுப் பொதிகூட இல்லை. தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து கேமராவை முடுக்கினேன். அந்த விண்மீன் திரையில் மங்கலாக, ஆனால் அசையாமல் நின்றது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது.

சஃபாவுக்குப் போன் போட்டேன். அப்பாஸ் மைக்கில் பேசுவது பின்னணியில் கேட்டது. "பெரியோர்களே, தாய்மார்களே. அம்பலகாரர் அனுமதியோட, இப்ப கொஞ்ச நேரம் லைட்ட அணைக்கப் போறோம். ரிப்பேரு இல்ல. ரொம்பத் தூரத்துல ஒரு பனிக்கட்டி நம்ம ஊரு மேல நெழல் விடப்போகுது. அது எங்க அக்கா கண்டுபுடிச்ச பனிக்கட்டி. எல்லாரும் இருந்த எடத்துலயே உக்காந்திருங்க. புள்ளைகளப் புடிச்சுக்கிருங்க."

'எங்க அக்கா கண்டுபுடிச்ச பனிக்கட்டி' என்று அவன் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு ஜெனரேட்டர் நின்றது. ஊர் முழுக்க ஒரு 'ஓ' சத்தம் எழுந்து அடங்கியது. "அம்மா, சூப்பர் டார்க்" என்றாள் சஃபா. போனை அணைத்தேன்.

நேரம் வந்தது. நான் திரையைப் பார்த்தேன். விண்மீன் நின்றது. கணித்த நொடி கடந்தது. விண்மீன் நின்றது. அதற்கப்பாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துடிப்புக்கூட இல்லை. நிழல் எனக்குத் தெற்கே எங்கேயோ போய்விட்டது. விளிம்பில் நின்றவளுக்கு இது நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். மறையாததும் ஒரு விடைதான் என்று சுங்க அதிகாரியிடமே சொல்லியிருந்தேன். இருந்தாலும் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது, என் ஊர் என்னை அடையாளம் தெரியாததுபோலத் திரும்பிக்கொண்டதாகத்தான் இருந்தது. விஞ்ஞானி அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

போன் அடித்தது. சஃபா மூச்சு வாங்கப் பேசினாள். "அம்மா! ஸ்டார் கண்ணடிச்சுச்சு! ரெண்டு தடவ கண்ணடிச்சுச்சு!"

பின்னால் அப்பாஸின் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "யாரப் பாத்துக் கண்ணடிச்சுச்சாம்?" என்று ஒருவன் கத்தினான்.

"ரெண்டு தடவையா? நல்லாப் பாத்தியா? வண்டி ஏதாவது குறுக்க வந்துச்சா? கருவியை யாராவது தட்டினாங்களா?"

"இல்லம்மா. யாரும் தொடல. ஃபர்ஸ்ட் பெருசா போச்சு. அப்புறம் வந்துச்சு. அப்புறம் சின்னதா ஒண்ணு. நான் ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

"அப்படியே வை. எதையும் அணைக்காதே. நான் வர்றேன்."

போகும் வழியெல்லாம் வாடகைக் காரை ஓட்டியவரை விரட்டிக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது கண்மாய்க்கரை வரை வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. ஆடல் பாடல் தொடங்கியிருந்தது. சஃபா கணினியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் சிலர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். பதிவை ஓட்டினாள். விண்மீன் அணைந்தது, வந்தது, ஒரு கணம் நின்றது, மறுபடி சுருக்கமாக அணைந்து எரிந்தது. நான் அதை எத்தனை முறை ஓட்டச் சொன்னேன் என்று தெரியாது. ஒரு பெண், "ஏன் அழுகுறீக? நல்லது நடந்திருக்கா, கெட்டதா?" என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன்.

மறுநாள் எல்லா இடத்துப் பதிவுகளும் வந்தன. தெற்கே இருந்தவர்களுக்கு ஒருமுறை மறைந்திருந்தது. சஃபாவுக்கு மட்டும் இருமுறை. பெரியதொன்று, அதன் வடக்கே ஒட்டினாற்போலச் சிறியதொன்று. குழுத் தலைவியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. நீ சொன்னதுதான் சரி, இரண்டு.

7

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில், பசியாறிக்கொண்டிருந்தபோது சஃபா சொன்னாள். "அம்மா, நான் வரல."

எங்கேயோ கடைக்குக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிறாள் என்று நினைத்தேன். "எங்க?"

"கனடாவுக்கு. சிலிக்கும். நான் இங்க இருக்கறேன். மாமா கூட வேலை செய்யறேன்."

அப்பாஸ் கையில் எடுத்த பணியாரத்தை அப்படியே வைத்துவிட்டான். "அக்கா, அல்லா மேல ஆணையா நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல."

"நான்தான் யோசிச்சேன்" என்றாள் சஃபா. "மாமாகிட்ட கேக்கவே இல்ல. மாமா, ஓகேவா?"

"என்கிட்டக் கேட்டா? ஒங்க அம்மாகிட்டக் கேளு, தாயி."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "மேடைக்கு லைட் கட்டுறதுக்கா உன்னை இத்தனை ஊர்ல வச்சுப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருப்பது உறைத்தது. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சஃபா குரலை உயர்த்தவில்லை. பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். "ஒவ்வொரு ஊர்லயும் எல்லாரும் என்கிட்ட, நீ எந்த ஊர்னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது. நீளமா ஒரு கதை சொல்லணும். இங்க, நீ யார் மகள்னு கேக்கறாங்க. ஜமீலா மகள்னு சொல்றேன். அவ்வளவுதான். முடிஞ்சுது. அப்புறம் வேலையப் பாக்கறாங்க."

அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் ஓடினேன். பஸ்ஸில், கல்லூரி வாசலில், துணிக்கடையில், நீ யார் மகள், யார் மகள் என்று கேட்டுக் கேட்டு என்னைச் சந்தைக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்த கேள்வி. அதிலிருந்து தப்பிக்க மூன்று கடல் தாண்டினேன். அதே கேள்வி இவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது.

"ஒரு வாரம் நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "ஒரு வருஷம் இருந்து பாரு. அப்பத் தெரியும். யாரோட போனே, ஏன் லேட்டு, ஏன் இந்தச் சட்டைன்னு தெருவே கேக்கும்."

"அதான், இருந்து பாக்கறேன்."

"விசா?"

"என்கிட்ட வெளிநாட்டு இந்தியர் கார்டு இருக்கு. நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க."

ஷாஹிதா மெல்லச் சொன்னாள், "இருக்கட்டுமே மதினி. எங்களுக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருந்த மாதிரி இருக்கும். நான் பாத்துக்கிறேன்."

நஜீருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ ஒருத்தியாவது ஒரு எடத்துல நிக்கட்டும்" என்றார். இத்தனை வருடமாக அவர் சொன்ன 'போவோம்'களுக்கு என்ன பொருள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விமான நிலையத்துக்கு அப்பாஸும் சஃபாவும் வந்தார்கள். அவளுக்குச் சாயந்திரம் வேலை இருந்தது, அதனால் வேலை உடையிலேயே வந்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவள்மேல் டீசல் வாசனை அடித்தது. அப்பாஸிடம், "நேத்து நான் சொன்னத மனசுல வச்சுக்காத" என்றேன். "என்ன சொன்னீக? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றான். அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

8

கட்டுரை எழுதி அனுப்பிவிட்டோம். பெயர்களில் என் பெயர் முதலில் இருக்கிறது. சஃபாவின் பெயரும் இருக்கிறது. அவள் பெயருக்கு எதிரே பணியிடம் எழுதும் இடத்தில் என்ன போடுவது என்று குழுத் தலைவி கேட்டார். அப்பாஸின் கடைப் பெயரைக் கொடுத்தேன்.

சிலிக்குப் போகும் நாள் நெருங்குகிறது. வீடு பெட்டிகளாக மாறிக்கொண்டிருக்கிறது. மூடிய பெட்டியை எதற்கோ திறக்கிறேன், திறந்ததை மூடுகிறேன். போகாமல் இருக்கலாமா என்று ஒரு காலையில் தோன்றுகிறது. எங்கே இருப்பது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. ஸ்பானிய மொழி வகுப்பில், சொந்த ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். நிகழ்காலத்தில் சொல்வதா இறந்தகாலத்திலா என்று தடுமாறினேன். ஆசிரியை இலக்கணத் தடுமாற்றம் என்று நினைத்துத் திருத்தினார்.

இன்று காலை நஜீர் சஃபாவின் அறையிலிருந்து கூப்பிட்டார். அவளுடைய கித்தாரும் புத்தகங்களும் பனிக்காலக் கோட்டும் அப்படியே இருக்கின்றன. "இதெல்லாம் சிலிக்கா, காரைக்குடிக்கா, யாருக்காவது குடுத்துடறதா? கேளு."

போன் போட்டேன். அங்கே சாயந்திரம். ஒரே இரைச்சல்.

"அம்மா, மானகிரில கல்யாணம். மேல இருக்கேன். லைன்லயே இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது.

துணி உரசும் சத்தம். இரும்பில் ஏதோ தட்டும் சத்தம். அப்பாஸ் கீழேயிருந்து என்னவோ கத்தினான். சஃபா கூட வேலை செய்கிற யாரிடமோ கத்தினாள், "அண்ணே, அங்குட்டு இல்ல, இங்குட்டுத் தூக்குங்க! இன்னும் கொஞ்சம்! ஆங், போதும், போதும்!" யாரோ ஒருவர், "இது எந்த ஊருப் புள்ளப்பா?" என்று கேட்டது காதில் விழுந்தது. யாரும் அவருக்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

நஜீர் வாசல்படியில் நின்று, கோட்டைக் கையில் பிடித்தபடி, என்ன சொன்னாள் என்று சைகையில் கேட்டார்.

போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன், "லைன்ல இருக்கச் சொன்னா."

பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை.